கல்விப் பயனும் ஆசிரியர் ஒழுக்கமும்
(அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியில் உ. வே. சாமிநாதையர் கற்ற காலம் பற்றிய ஓர் ஆராய்ச்சி)

1. முன்னுரை

கல்வியின் பயன் ஒழுக்கம் என்பது தமிழ் நூல்களில் தொன்றுதொட்டுப் பயின்று வரும் கருத்து. திருவள்ளுவர் ஒழுக்கமுடைமையை அறத்துப்பாலிலும் கல்வியைப் பொருட்பாலிலும் வைத்தாரேனும், கற்றவன் தன் கல்விக்கு ஏற்ப நடத்தல் வேண்டும் என்பதைக் கல்வி அதிகாரத்தின் தொடக்கத்திலேயே வற்புறுத்துகின்றார். பின்வந்த நீதிநூல்களும் இதனையே வழிமொழிகின்றன. இக்கருத்தை மறுப்பார் ஒருவரும் இலர். மறுப்பார் இன்மையாலேயே அதனை ஆராய்வாரும் அரியராயினர்.

வரலாறு பயில்வோர் வினவவேண்டிய வினாக்கள் சில உள. ஒரு குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட சில ஊர்களில், கற்பித்தோர் எவ்வாறு ஒழுகினர்? அவர்தம் ஒழுக்கம் கற்றோரிடம் எவ்வாறு சென்று சேர்ந்தது? அதனால் தமிழுலகம் எய்திய பயன் யாது? அப்பயனிலிருந்து விலக்கப்பட்டோர் யாவர்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு ஏற்ற களமாக அமைவது, 19-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் அரியலூரும் பெரம்பலூரும் சூழ்ந்த நிலப்பரப்பாகும். இன்று இவை இரு மாவட்டங்கள். பெரம்பலூர் மாவட்டம் 1995-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிக்கப்பட்டது. அரியலூர் 2007-இல் நிலையான தனி மாவட்டமாயிற்று. நாம் ஆராயும் காலத்தில் இவ்விரண்டும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வட, வடகீழ்ப் பகுதிகளாக இருந்தன. இப்பகுதியின் ஊர்களிலேதான், பின்னாளில் சங்க நூல்களை அச்சேற்றிய டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் இளமைக் கல்வியில் பெரும்பகுதியைப் பெற்றார்.

அவர்க்குக் கற்பித்த சிற்றூர் ஆசிரியர்கள் அவர்க்குத் தந்தவற்றுள் தலையாயது யாது என்பதே இக்கட்டுரையின் ஆராய்ச்சிப் பொருள். அவர்கள் தந்த நூலறிவு அளவுடையது. தம் கல்வியின் அளவை அறிந்து, அதற்கு அப்பால் மாணவனை விடுத்த நடுவுநிலைமையே அவர்கள் தந்தவற்றுள் தலையாயது என்பதும், அந்நடுவுநிலைமையே பின்னர்ப் பதிப்பு நேர்மையாக மலர்ந்தது என்பதும் ஈண்டு நிறுவப்படும்.

2. சான்றும் அதன் தன்மையும்

இவ்வாராய்ச்சிக்குத் தலைமைச் சான்றாவது ஐயர் எழுதிய ‘என் சரித்திரம்’. அது 1940-இல் ‘ஆனந்த விகடன்’ இதழில் தொடங்கி, 1942-இல் அவர் மறையுங்காறும் எழுதப்பெற்று, முற்றுப்பெறாமலே நின்றது. 1950-இல் நூல்வடிவம் எய்தியது. 19-ஆம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் தமிழ் எவ்வாறு பயிலப்பட்டது என்பதை அத்துணை விரிவாக உரைக்கும் நூல் பிறிதொன்று காண்டல் அரிது.

எனினும் சான்றினை அளந்து கொள்ளுதல் ஆராய்ச்சியாளர் கடன். எண்பத்தைந்து வயதினை எய்திய ஒருவர், தமக்கு ஏறத்தாழப் பதினைந்து வயதாயிருந்தபோது நிகழ்ந்தவற்றை நினைவுகூர்ந்து எழுதியது அது. எழுதியவர் நன்றியுணர்வு மிக்கவர். தமக்கு ஒருநாள் ஓர் எழுத்துக் கற்பித்தவரையும் மறவாது குறிப்பவர். ஆகவே, ஆசிரியர்பால் குறை காண்டலை அந்நூலில் மிகுதியாக எதிர்பார்த்தல் ஆகாது. ஆனால், திண்ணைப் பள்ளிகளில் வழங்கிய கொடுந் தண்டனைகளை அவர் மறையாது கூறியுள்ளார். கசந்ததைக் கசந்தது என்று சொல்லத் தெரிந்த ஒருவர், இனித்ததை இனித்தது என்று கூறும்போது அக்கூற்று வலிமை பெறுகின்றது. மேலும், ஈண்டு நாம் முதன்மையாகக் கொள்வன ஆசிரியரைப் பற்றிய புகழுரைகள் அல்ல, அவர்தம் செயல்கள். மாணவன் எந்த ஊரில் எவரிடம் கற்றான், பின் எங்குச் சென்றான் என்னும் செய்திகள் நன்றியுணர்வினால் மிகுவனவும் குறைவனவும் அல்ல.

3. காலத்தின் இயல்பு

ஐயர் பிறந்தது 1855, பிப்ரவரி 19. அதற்கு முந்திய ஆண்டில்தான் சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை வெளிவந்தது. அரசின் உதவிநல்கை பெறும் பள்ளிகளும், மாகாணந்தோறும் கல்வித் துறையும், பல்கலைக்கழகங்களும் அவ்வறிக்கையின் வழித் தோன்றலாயின. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் நிறுவப்பெற்றது. இவற்றிற்கு முன்னரே, 1844-இல், ஆங்கிலக் கல்வி பெற்றோர்க்கு அரசுப் பணிகளில் முதன்மை தருதல் வேண்டும் என்னும் ஆணையை ஹார்டிஞ்சு பிறப்பித்திருந்தார். கல்வியின் நோக்கம் பதவி என்னும் எண்ணம் மக்கள் உள்ளத்தில் வேரூன்றுதற்கு இவ்வாணை பெரிதும் துணைசெய்தது எனலாம். தமிழ் மட்டும் கற்றவனுக்கு அலுவலகத்தில் இடமில்லை, கச்சேரியிலும் இடமில்லை. ஆகவே, அக்காலத்தில் ஒருவன் தமிழ் கற்க விழைந்தான் எனின், அவ்விழைவு ஊதியம் கருதியதாக இருத்தல் அரிது.

பழைய முறைக் கல்வியின் பரப்பினை அறிதற்குச் சென்னை மாகாண ஆளுநர் தாமசு மன்றோ 1822-இல் தொடங்கிய கணக்கெடுப்பு உதவுகின்றது. 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி, மாகாணம் முழுமையிலும் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றில் 1,88,650 பேர் பயின்றனர். மணலில் எழுதிப் பழகல், ஏட்டில் எழுதல், மனனம் செய்தல், சட்டாம்பிள்ளை இளைய மாணவர்க்குப் பாடங் கேட்பித்தல் ஆகியன அப்பள்ளிகளின் பொதுவான முறைகள்.

இம்முறையின் புறவடிவம் கடல் கடந்தும் சென்றது. சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் விடுதியொன்றை நடத்திய ஆண்ட்ரு பெல் என்பார், இந்நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயிலுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியில் கையாண்டார். மூத்த மாணவரைக் கொண்டே இளையோர்க்குக் கற்பிக்கவும் செய்தார். 1797-இல் அவர் இலண்டனில் வெளியிட்ட சிறுநூலின் வாயிலாக அது ‘சென்னை முறை’ என்னும் பெயரோடு இங்கிலாந்தில் பரவியது. குறைந்த செலவில் பலர்க்கு எழுத்தறிவிக்கும் கருவியாக அது போற்றப்பட்டது. ஆயின் மணலையும் சட்டாம்பிள்ளையையும் எடுத்துச் செல்லுதல் எளிது. ஆசிரியனுக்கும் மாணவனுக்கும் இடையே நிலவும் ஒழுக்க உறவினை அவ்வாறு எடுத்துச் செல்லுதல் இயலாது. முறை வேறு, ஒழுக்கம் வேறு என்பதற்கு இந்நிகழ்ச்சி தக்கதொரு சான்று. நாம் காணப் புகுவது இரண்டாவதனை.

4. ஊர்களும் ஆசிரியர்களும்

ஐயரின் சொந்த ஊர் பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரம். அவர் தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். உடையார்பாளையம் சமஸ்தானத்துச் சங்கீத வித்துவானாக விளங்கிய கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். ஊர்தோறும் தங்கி இராமாயணக் கதை கூறி, ஊரார் அளிப்பதைக் கொண்டு வாழ்க்கை நடத்தியவர். நிலையான வருவாய் இல்லாத அக்குடும்பம் அரியலூர்ப் பகுதிக்கு வந்தமைக்கு இவ்வுடையார்பாளையத் தொடர்பும் ஒரு காரணம் எனக் கொள்ளலாம். மகனுக்குத் தமிழில் ஆர்வம் மிகுவதைக் கண்ட தந்தையார், கற்பிப்போர் உள்ள ஊரைத் தேடித் தம் இருப்பிடத்தை மாற்றிக்கொண்டே சென்றார். கல்வியைத் தேடி ஒரு குடும்பமே ஊர் ஊராகப் பெயர்ந்த வரலாறு இது.

அரியலூரில் சடகோபையங்கார் என்னும் வைணவப் பெரியார் வாழ்ந்தார். தமிழிலும் இசையிலும் பயிற்சியுடையவர். செய்யுளின் நயத்தை எடுத்துரைத்துக் கேட்போரை வயப்படுத்தும் ஆற்றல் வாய்ந்தவர். தமக்குத் தமிழ்ச்சுவை உண்டாவதற்கு மூலமாக இருந்தவர் இவரே என்று ஐயர் முதுமையிலும் நினைந்து போற்றினார். ஈண்டு நோக்கத்தக்கது ஒன்று. கற்பித்தவர் வைணவர், கற்றவர் சைவப் பற்றுமிக்க சுமார்த்தக் குடும்பத்தினர். சமய வேறுபாடு பாடத்திற்குத் தடையாகவில்லை.

பின்னர்க் குன்னம். இன்று பெரம்பலூர் மாவட்டத்தின் வட்டத் தலைநகராக உள்ள இவ்வூரில் சிதம்பரம் பிள்ளை என்பாரிடம் ஐயர் பாடங் கேட்டார். அதன்பின் கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார் என்பாரை அடுத்தார். இறுதியாக, பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகை கற்றார். செய்யுள் நூல்களில் தொடங்கி, நன்னூல் வழியே இலக்கணத்திற் புகுந்து, யாப்பில் முடிந்தது இப்பகுதிக் கல்வி.

இவர்கள் நூலாசிரியராகப் புகழ் பெற்றவர் அல்லர். இவர்தம் மாணவர் ஒருவர் எழுதிவைத்திராவிடின் இப்பெயர்கள் இன்று நமக்கு எட்டியிரா. ரெட்டியார் வேளாண்மைக் குடும்பத்தினர். தமிழ் கற்பித்தல் அவர்க்கு வாழ்க்கைத் தொழில் அன்று. கற்றதைப் பகிர்தல் கற்றவனின் கடமை என்னும் எண்ணமே இவர்களைக் கற்பிக்கச் செய்தது. கதை கேட்டு நெல்லும் பொருளும் வழங்கிய ஊராரும் இக்கல்விக்கு உதவியவரே. ஊர் உண்பித்தது, ஆசிரியர் கற்பித்தார், தந்தையார் அழைத்துச் சென்றார். மூவகையாரும் கூடியே ஒரு மாணவனை உருவாக்கினர்.

5. செங்கணத்தில் நிகழ்ந்தது

இத்தொடர் வரலாற்றின் உச்சி செங்கணத்தில் அமைகின்றது. யாப்புக் கற்பித்த விருத்தாசல ரெட்டியார், திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பெரும்புலமையைக் கேள்வியுற்றவர். தம்மிடம் உள்ள மாணவன் மேலும் கற்கவேண்டுமாயின் மாயூரத்திற்குச் சென்று பிள்ளையவர்களை அடைதல் வேண்டும் என்று அவர் வழிகாட்டினார். அவ்வழியே 1871-இல் ஐயர் மாயூரம் சென்று பிள்ளையின் மாணவரானார்.

இச்செயலின் பெருமையை உணர்தற்கு நன்னூலின் பொதுப்பாயிரத்தை நோக்குதல் தகும். பவணந்தி முனிவர் நல்லாசிரியனுக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்னும் நான்கினை உவமை கூறினார். நிலம் பொறையையும், மலை அளத்தற்கரிய பெருமையையும், நிறைகோல் ஐயம் தீர்க்கும் நடுவுநிலைமையையும், மலர் யாவரும் விரும்பும் இனிமையையும் குறிக்கும். ஆசிரியராதற்குத் தகாதார்க்கும் நான்கு உவமைகள் உள. கழற்காய் பெய்த குடம் போல்வான், தான் கற்ற முறைமாறிக் கற்பிப்பவன். மடற்பனை போல்வான், தானே தந்தாலன்றிப் பிறர் அணுகிப் பெறமுடியாதவன். பருத்திக் குண்டிகை போல்வான், அரிதாகச் சிறிது சிறிதாகத் தருபவன். முடத்தெங்கு போல்வான், வழிபட்டோர்க்கு உதவாது பிறர்க்கு உதவுபவன்.

இந்நான்கு குறைகளும் கற்பிக்கும்போது நிகழ்வன. கற்பித்து முடிந்த பின்னர் நிகழும் குறை ஒன்று உண்டு. தன்னிடம் இனிக் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை என்பதை அறிந்தும், மாணவனைத் தன்பால் நிறுத்திக்கொள்ளுதல் அது. மாணவன் உடனிருத்தல் ஆசிரியனுக்குப் பெருமை. அறிவுடைய மாணவன் உடனிருத்தல் பெரும்பெருமை. அப்பெருமையைத் துறத்தல் எளிதன்று. அவ்வாறு நிறுத்திக்கொள்ளுதலைப் பழியாகக் கருதுவாரும் பெரும்பாலும் இலர். அன்பென்றே அது பெயர் பெறும். இக்குறைக்கு நன்னூல் தனி உவமை கூறவில்லை. எனினும், இதற்கு மருந்து அதன்கண்ணே உள்ளது. நிறைகோல் பிறர் ஐயத்தை மட்டும் நிறுப்பதன்று. தன்னைத் தானே நிறுத்தும் காட்டுதல் வேண்டும். செங்கணத்து ரெட்டியார் தம் கல்வியை நிறைகோலில் வைத்து, அதன் எடையை ஒளியாது கூறினார். ஆசிரியர் ஒழுக்கத்தின் முடிந்த நிலை இதுவாகும்.

இச்செயல் நிகழாதிருப்பின் ஐயர் தமிழறிவு செங்கணத்தோடு நின்றிருக்கும் என்று துணிந்து கூறுதல் மிகை. தந்தையாரின் முயற்சி வேறு வழி கண்டிருத்தலும் கூடும். ஆயின் நிகழ்ந்தது இது. நிகழ்ந்ததன் தன்மையை உணர்தலே வரலாறு.

6. ஒழுக்கம் தொடர்ந்த வழி

மாணவன் ஆசிரியன் சொல்லைக் கற்பதைவிட அவன் நடத்தையையே ஆழமாகக் கற்கின்றான். இவ்வுண்மை ஐயரின் பிற்கால வாழ்க்கையில் புலனாகின்றது.

மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சமய வேறுபாடின்றிப் பலர் பயின்றனர். கிறித்தவராகிய சவரிராயலு நாயகரும், இசுலாமியராகிய நாகூர்க் குலாம் காதிறு நாவலரும் அவர்தம் மாணவர். சைவப் பெரும்புலவராகிய அவர் 1876-இல் மறையுங்காறும் ஐயர் உடனிருந்து கற்றார். பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் வாழ்ந்தார். 1880-இல், பிள்ளையின் மூத்த மாணவரும் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியருமாகிய தியாகராச செட்டியார் தம் பணியிலிருந்து விலகியபோது, அவ்விடத்தை ஐயர்க்குக் கிடைக்கச் செய்தார். தேசிகர் தொடக்கத்தில் ஐயரைப் பிரிய மனமற்றவராயிருந்து, முடிவில் விடை கொடுத்தார். செங்கணத்தில் கண்ட செயல் ஈண்டு மீண்டும் நிகழ்கின்றது. ஒருவர் தம் இடத்தை இளையவர்க்கு விட்டார். மற்றொருவர் தம் அன்புக்குரியாரை வெளியே செல்ல விட்டார்.

அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் கும்பகோணத்தில் மாவட்ட முன்சீப்பாகப் பணியாற்றிய சேலம் இராமசுவாமி முதலியாரை ஐயர் கண்டார். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் புராணங்களையும் அடுக்கிக் கூறினார். முதலியார் அவற்றில் நிறைவுறாது, சீவக சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் படித்ததுண்டா என வினவினார். ஐயர் படித்ததில்லை. அப்பொழுது அவர் கல்லூரி ஆசிரியர், பெரும்புலவரின் மாணவர். தம் கல்வியைக் குறைத்து மதிப்பிட்டதாகச் சினந்து திரும்பியிருத்தல் இயல்பே. அவ்வாறன்றி, தாம் அறியாததை அறியாதது என்று ஒப்புக்கொண்டு, முதலியார் தந்த சிந்தாமணிப் பிரதியைப் படிக்கத் தொடங்கினார். சைனக் காப்பியமாகிய அதன் பொருள் விளங்காத இடங்களில், கும்பகோணத்துச் சைனர்களை அணுகிக் கேட்டுத் தெளிந்தார். ஆசிரியப் பணியில் அமர்ந்த பின்னும் பிற சமயத்தார் முன் மாணவனாக அமர்ந்தார்.

சிந்தாமணிப் பதிப்பு 1887-இல் வெளிவந்தது. அதனைத் தொடர்ந்து பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் வெளிவந்தன. இப்பதிப்புகளின் முகவுரைகளில், ஏட்டுப் பிரதிகள் எங்கிருந்து கிடைத்தன, உதவியோர் யாவர் என்பன முறையாகக் குறிக்கப்பெற்றுள்ளன. பாடவேறுபாடுகள் அடிக்குறிப்பில் தரப்பெற்றன. விளங்காத இடத்தில் தம் கருத்திற்கு ஏற்பப் பாடத்தைத் திருத்தி மறைத்தல் அக்காலத்தில் எவரும் கண்டறிய இயலாத செயல். கண்டறிவார் இல்லாவிடத்தும் அதனைச் செய்யாமையே ஒழுக்கம். பதிப்பாசிரியன் தன் அறிவின் எல்லையைப் பாடவேறுபாட்டின் வாயிலாக ஒப்புக்கொள்கின்றான். செங்கணத்து ஆசிரியர் தம் எல்லையை மாணவனிடம் ஒப்புக்கொண்டார். அம்மாணவர் தம் எல்லையைத் தமிழுலகத்தின் முன் ஒப்புக்கொண்டார். இரண்டும் ஒரே பண்பின் இருவேறு வடிவங்கள்.

நன்றியுணர்வும் அவ்வழியே வந்தது. மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை 1933-இலும் 1934-இலும் இரு பாகங்களாக ஐயர் வெளியிட்டார். தந்தையாரின் இசையாசிரியராகிய கனம் கிருஷ்ணையர்க்கும், தமக்கு இடம் விட்ட தியாகராச செட்டியார்க்கும் தனி வரலாறுகள் எழுதினார். அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் ஆகிய ஊர்களின் ஆசிரியர்க்குத் தம் சுயசரிதத்தில் நிலைத்த இடம் அளித்தார்.

7. மூடியிருந்த கதவுகள்

இதுகாறும் கூறியவற்றால் பழைய கல்விமுறை குறையற்றது என்னும் முடிவு பெறப்படுமாயின், அம்முடிவு பிழையாகும். மன்றோவின் கணக்கில் காணப்படும் 1,88,650 பேருள் பெண்மக்கள் 4,540 பேரே. நூற்றுக்கு மூவர் என்னும் அளவைக்கூட அது எட்டவில்லை. தீண்டாமைக் கொடுமைக்கு உட்படுத்தப்பட்ட மக்கட்கு அத்திண்ணைகளில் ஏறுதற்கே இடமில்லை. நல்லாசிரியனின் தகுதிகளை நிரல்படக் கூறும் நன்னூற் சூத்திரமும் உயர்குடிப் பிறப்பையே முதற்கண் வைக்கின்றது என்பது மறைத்தற்குரியதன்று.

சமய வேலியைக் கடந்த அவ்வாசிரியர்களின் ஒழுக்கம் சாதி வேலியைக் கடக்கவில்லை. ஐயர் பெற்ற வாய்ப்பினை, அதே காலத்தில் அதே ஊர்களில் அதே அறிவோடு பிறந்த பிறிதொரு குழந்தை பெற்றிருக்க இயலுமா என்று வினவினால், பெரும்பாலோர் திறத்தில் இல்லை என்பதே விடை. அக்குழந்தைகளைத் தேடி எந்த ஆசிரியரும் செல்லவில்லை. அவர்தம் பெயர்களை எந்தச் சுயசரிதமும் கூறவில்லை. ஒழுக்கம் என்பது தன்னை அடுத்தவர்க்கு நேர்மையாக நடத்தல் மட்டுமாயின், அவ்வாசிரியர்கள் நிறைவுடையோர். தன்னை அடுக்க இயலாதவாறு தடுக்கப்பட்டோரையும் நினைத்தலே ஒழுக்கமாயின், அவர்கள் தம் காலத்தின் எல்லையுள் நின்றவரே.

மறுபுறம், புதிய கல்விமுறையின் நன்மையும் மறத்தற்குரியதன்று. பதவி கருதியது என்று நாம் மேலே கூறிய அம்முறையே, கொள்கையளவில், பிறப்பு வினவாத பள்ளியைத் தோற்றுவித்தது. ஐயர்க்கு நிலையான ஊதியம் தந்ததும் அம்முறையின் கல்லூரியே. அவர் பதிப்புகளைப் பரப்பியதும் அக்காலத்து அச்சுப்பொறியே. வினா எழுப்பி அவரைச் சங்கத் தமிழுக்குத் திருப்பியவரும் அப்புதிய உலகின் நீதிமன்ற அலுவலரே. கதவைத் திறந்தது புதிய முறை. கதவின் உட்புறத்தில் ஆசிரியன் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதைக் காட்டியது பழைய முறை. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தள்ளுதல் இரண்டையும் இழத்தற்கே வழியாகும்.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் முடிபுகள் மூன்று.

முதலாவது, ஒழுக்கம் கல்வியில் தனிப் பாடமாக இடம் பெறுவதன்று. சடகோபையங்கார் முதல் விருத்தாசல ரெட்டியார் வரை ஒருவரும் சாமிநாதையர்க்கு ஒழுக்கம் என்னும் பெயரால் ஒரு பாடம் நடத்தியதாகக் கொள்ளவேண்டுவதில்லை. அவர்கள் செய்யுளும் இலக்கணமும் யாப்பும் கற்பித்தனர். கற்பித்த முறையிலும் விடைகொடுத்த முறையிலும் ஒழுக்கம் அடங்கியிருந்தது.

இரண்டாவது, கல்வியின் உண்மைப் பயன் தன் அளவை அறிதல். தன் அளவை அறிந்த ஆசிரியன் மாணவனை மேலே அனுப்புகின்றான். தன் அளவை அறிந்த மாணவன் எவர் முன்னும் மீண்டும் கற்க அமர்கின்றான். தன் அளவை அறிந்த பதிப்பாசிரியன் ஏட்டில் இல்லாததை ஏட்டில் உள்ளதாகக் கூறான். ஆராய்ச்சித் துறையில் ஒழுக்கம் என்று நாம் கூறுவதெல்லாம் இதன் விரிவே.

மூன்றாவது, அவ்வாசிரியர்கள் நின்ற எல்லையிலேயே நாமும் நிற்றல் அவர்க்கு நன்றி செலுத்துவதாகாது. அவர்கள் தம்மிடம் வந்த மாணவனைத் தம்மினும் பெரிய ஆசிரியரிடம் அனுப்பினர். நமக்கு உரிய கடமை இருமடங்கு. வந்த மாணவனை மேலே அனுப்புதல் ஒன்று. வர இயலாதிருந்த வீட்டினின்றும் வரும் முதல் மாணவனை எதிர்கொண்டு அழைத்தல் மற்றொன்று. இன்று பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளில் ஆய்வு மேற்கொள்வோருள், தம் குடும்பத்தில் முதன்முதல் பட்டம் பெற்றோர் பலர். அவர்தம் ஆய்வைத் தம் பெயரின் பெருமைக்கு உரியதாகக் கருதாது, தம் அறிவின் எல்லை இது என்று கூறி, தக்க பிற அறிஞரிடம் அவர்களை ஆற்றுப்படுத்தும் வழிகாட்டியர் எத்துணையர் என்பது ஒவ்வொருவரும் தத்தம் நெஞ்சினை வினவி அறிதற்குரியது.

அரியலூரிலிருந்து குன்னம், கார்குடி வழியே செங்கணம் வரை ஓர் இளைஞர் ஆசிரியரைத் தேடி நடந்த வழி இன்றும் அங்கே உள்ளது. அவ்வழியின் முடிவில் ஒருவர் தம் வீட்டு வாயிலில் நின்று, ‘இனி என்னிடம் இல்லை, அங்கே செல்க’ என்னும் பொருள்படக் கை காட்டினார். தமிழ் இலக்கிய வரலாற்றில் அக்கை காட்டலுக்கு உரிய இடத்தை நாம் அளித்தல் வேண்டும்.